தவணை கட்டி முடித்தும் மனை கைக்கு வராத குடும்பங்கள்: லத்தீனோ மக்களுக்கு வீடு கிடைக்க எதைச் சரிசெய்ய வேண்டும்?

கேள்வி இதுதான்: "அமெரிக்காவில் லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வழிவந்த) குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும் வீடு கிடைக்க என்ன செய்தால் உண்மையில் பலன் இருக்கும்? நிறைய வீடு கட்டினால் போதாதா?"

நிறையக் கட்டத்தான் வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் கட்டிய வீடும் ஒதுக்கிய பணமும் இந்தக் குடும்பங்களுக்குப் போய்ச் சேராமல் பாதி வழியில் நின்றுவிடுகின்றன. பெரும்பாலும் ஒரு காகிதம்தான் நிறுத்துகிறது. பதிவாகாத ஒப்பந்தம், இல்லாத சமூகப் பாதுகாப்பு எண் (அமெரிக்க அரசு வேலைக்கும் வரிக்கும் தரும் அடையாள எண்), ஆங்கிலத்தில் மட்டும் நீட்டப்படும் வாடகை உடன்படிக்கை, இறந்துபோன தாத்தாவின் பெயரிலேயே கிடக்கும் மனை என்று அது பல உருவில் வரும். ஆகவே இந்தப் பதிலில் காகிதங்களைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். அதிலும் தெற்கு டெக்சஸைப் பற்றி நிறைய இருக்கும். எல்லாச் சிக்கலையும் அங்கே ஒரே தெருவில் பார்த்துவிடலாம்.

இவர்களைக் குறிக்கச் சிலர் பயன்படுத்தும் 'லத்தீன்எக்ஸ்' என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஆண், பெண் என்ற பால் விகுதி இல்லாமல் எல்லோரையும் சேர்த்துச் சொல்ல உருவான சொல் அது. பல்கலைக்கழகங்களிலும் தொண்டு நிறுவனங்களிலும் அதிகம் புழங்குகிறது. தெருவில் இருப்பவர்கள் தங்களை மெக்சிகானோ, போரிக்குவா (போர்ட்டோ ரிக்கோக்காரர்), சால்வதோரெஞோ (எல் சால்வடார்காரர்) என்றோ, பொதுவாக லத்தீனோ என்றோதான் சொல்லிக்கொள்கிறார்கள். நான் லத்தீனோ என்றே எழுதுகிறேன்.

டெக்சஸுக்கும் மெக்சிகோவுக்கும் எல்லையாக ஓடும் ரியோ கிராண்டே ஆற்றை ஒட்டிய ஹிடால்கோ, கேமரன், ஸ்டார், வெப், எல் பாசோ கவுன்ட்டிகளில் (நம் ஊர் மாவட்டம் போன்றவை) 'கொலோனியா' என்ற குடியிருப்புகள் இருக்கின்றன. ஸ்பானிய மொழியில் அதற்குப் 'பேட்டை' என்பதுபோல ஒரு சாதாரணப் பொருள்தான். 1950-களிலிருந்து நகர எல்லைக்கு வெளியே, விளைச்சல் குறைந்த, பல இடங்களில் வெள்ளம் தேங்கும் வயல்களை மனை வியாபாரிகள் துண்டு போட்டு விற்றார்கள். குடிநீர்க் குழாய், கழிவுநீர் வசதி, தார்ச்சாலை எதுவும் போட்டுத் தரவில்லை. கவுன்ட்டி நிர்வாகத்துக்கு அன்று அவர்களைத் தடுக்கும் அதிகாரமும் பெரிதாக இல்லை. டெக்சஸில் மட்டும் இப்படி 2,000-க்கும் மேற்பட்ட கொலோனியாக்களில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்கிறார்கள். அவர்களில் பெரும்பான்மையினர் அமெரிக்கக் குடிமக்கள் என்பது பலருக்குத் தெரியாது.

அந்த மனைகள் விற்கப்பட்ட விதத்தில்தான் சிக்கலின் வேர் இருக்கிறது. வங்கிக் கடன் கிடைக்காத குடும்பத்திடம் விற்பவரே தவணைக்குக் கொடுப்பார். கடைசித் தவணை கட்டும்வரை பத்திரம் விற்றவர் பெயரிலேயே இருக்கும். 'கான்ட்ராக்ட் ஃபார் டீட்' என்று இதற்குப் பெயர். வட்டி வங்கி வட்டியைவிட மிக அதிகம். பழைய ஒப்பந்தங்களின்படி, பத்து வருடம் கட்டிய குடும்பம் ஒரு மாதம் தவறினாலும் மனையும் போகும், அதில் தன் கையால் கட்டிய அறைகளும் போகும். இதற்கிடையே விற்றவர் அதே நிலத்தை அடமானம் வைத்திருப்பார், வரி கட்டாமல் விட்டிருப்பார், சில நேரம் இன்னொருவருக்கும் விற்றிருப்பார். ஒப்பந்தம் பதிவாகாததால் வாங்கியவருக்கு எதுவும் தெரியவராது.

சட்டம் இதில் படிப்படியாக மாறியிருக்கிறது. 1995-இல் வந்த டெக்சஸ் சட்டம் எல்லைப் பகுதியில் இப்படி வாங்கியவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. இப்போதுள்ள விதிப்படி, விலையில் 40 சதவீதமோ 48 மாதத் தவணைக்குச் சமமான தொகையோ கட்டியவரை விற்றவர் சும்மா வெளியேற்ற முடியாது. 60 நாள் அறிவிப்புக் கொடுத்து, முறையான ஏலத்தின் வழியாகத்தான் போக வேண்டும். 2015-இல் வந்த திருத்தம் இன்னும் பெரியது. ஒப்பந்தம், பத்திரங்களைப் பதிவுசெய்யும் கவுன்ட்டி எழுத்தரிடம் பதிவானால், அந்த நாளிலிருந்தே அது கிரயப் பத்திரமாகக் கருதப்படும். விற்றவருக்கு மிஞ்சுவது பாக்கித் தொகைக்கு ஈடாக அந்த நிலத்தின் மேல் உள்ள பற்றுரிமை மட்டும். ஒப்பந்தமான 30 நாளுக்குள் பதிவுசெய்வதும், ஒவ்வோர் ஆண்டும் ஜனவரிக்குள் கணக்கு கொடுப்பதும் விற்றவரின் கடமை. பேரம் ஸ்பானிய மொழியில் நடந்திருந்தால் ஒப்பந்தத்தின் பிரதியை ஸ்பானிய மொழியிலும் தர வேண்டும்.

சட்டம் இவ்வளவு சொல்லியும் மனை கைக்கு வராமல் இருக்கக் காரணம், பதிவு நடப்பதில்லை என்பதுதான். ஆகவே உதவ நினைக்கும் எந்த அமைப்பும் முதலில் செய்ய வேண்டியது, குடும்பத்தின் கையில் இருக்கும் தாளை வாங்கிப் படிப்பது. விற்றவரின் கையெழுத்து நோட்டரி முன்னிலையில் போடப்பட்டதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுத்தர் பதிவுக்கு ஏற்க மாட்டார். அப்போது விற்றவரை மீண்டும் வரவழைக்க வேண்டும், அல்லது டெக்சஸ் ரியோகிராண்டே லீகல் எய்ட் போன்ற இலவசச் சட்ட உதவியை நாட வேண்டும். அடுத்து, நில விவரத்தில் மனை எண்ணும் மனைப்பிரிவின் பெயரும் வரைபடப் புத்தகத்தின் தொகுதி, பக்க எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். "கால்வாய்க்கு மேற்கே உள்ள துண்டு" என்ற அளவில் எழுதியிருந்தால் நில அளவையாளர் இல்லாமல் மேலே போக முடியாது. மூன்றாவதாக, எழுத்தர் அலுவலகத்தில் விற்றவர் பெயரில் தேடி, அவர் வைத்த அடமானம் ஏதாவது நிற்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் வில்லங்கச் சான்று பார்ப்பது போலத்தான். வரி பாக்கியைத் தனியாக வரி அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

கட்டிய பணத்துக்குச் சான்று பெரும்பாலும் ஒரு செருப்புப் பெட்டி நிறைய மணி ஆர்டர் அடிக்கட்டைகளாக இருக்கும். மை மங்கியிருக்கும், சிலவற்றில் பெறுபவர் பெயர் எழுதாமலே விட்டிருப்பார்கள். அவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றையும் படமெடுத்து, தொகையை ஒரு தாளில் கூட்டி எழுதினாலே 40 சதவீதத்தைத் தாண்டியிருப்பது பல நேரம் தெரியவரும். மிகச் சாதாரண வேலைதான், ஆனால் வீட்டைக் காப்பாற்றும் வேலை.

இங்கே ஒரு விதியை நான் குறை சொல்லியே ஆக வேண்டும். புதிய கொலோனியாக்கள் உருவாகாமல் இருக்க, வரைபடம் முறையாகப் பதிவாகாத மனைக்கு மின்சாரமோ தண்ணீரோ இணைக்கக் கூடாது என்று எல்லைக் கவுன்ட்டிகளில் சட்டம் வந்தது. நோக்கம் நல்லது. ஆனால் இருட்டில் உட்கார்ந்திருப்பது வியாபாரி அல்ல, வாங்கிய குடும்பம். விதியைத் தளர்த்தச் சொல்லவில்லை. பழைய மனைகளுக்கு வரைபடம் தயாரிக்கும் செலவைக் கவுன்ட்டியோ மாநிலமோ ஏற்க வேண்டும், முடிந்த இடத்தில் வியாபாரியிடம் அதை வசூலிக்க வேண்டும் என்கிறேன். 1990-இல் வந்த கூட்டாட்சி வீட்டுவசதிச் சட்டம், எல்லையிலிருந்து 150 மைலுக்குள் உள்ள கொலோனியாக்களுக்காக டெக்சஸ், நியூ மெக்சிகோ, அரிசோனா, கலிஃபோர்னியா ஆகிய 4 மாநிலங்களும் தங்கள் சமூக மேம்பாட்டு மானியத்தில் 10 சதவீதம் வரை ஒதுக்க வழிசெய்கிறது. குழாய்க்கும் சாலைக்கும் போகும் அந்தப் பணத்தில் நில அளவைக்கும் ஒரு பங்கு கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்த காகிதம் வாரிசுரிமை. பாட்டி உயில் எழுதாமல் இறந்திருப்பார். மகளும் பேரன்களும் அதே வீட்டில் இருந்து வரியும் கட்டிவருவார்கள், ஆனால் பத்திரம் பாட்டி பெயரில் இருக்கும். புயல் வந்து கூரை போனால் நிவாரணம் கேட்கும் இடத்தில் "உரிமையாளர் யார்?" என்பார்கள். 2017-இல் மரியா புயலுக்குப் பிறகு அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்ட போர்ட்டோ ரிக்கோ தீவில் ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களை ஃபீமா என்ற கூட்டாட்சிப் பேரிடர் உதவி அமைப்பு இந்தக் காரணத்துக்காக நிராகரித்தது. பெரும் போராட்டத்துக்குப் பிறகு, வேறு ஆவணம் இல்லாதவர்கள் உறுதிமொழிக் கடிதம் கொடுக்கலாம் என்று இறங்கிவந்தது. 2021-இல் நாடு முழுவதற்கும் அந்தத் தளர்வு வந்தது. டெக்சஸில் வாரிசு உறுதிமொழிப் பத்திரம் பதிவுசெய்யும் வழி இருக்கிறது. குடும்பத்தின் சொத்தில் பங்கில்லாத, குடும்ப வரலாறு தெரிந்த 2 பேர் சாட்சி சொல்ல வேண்டும். 2019 முதல் வாரிசுகள் தாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கான வரிவிலக்கை முழுமையாகக் கேட்கவும் முடியும். புயல் பருவத்துக்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும்.

இனி கட்டுமானம். கொலோனியா குடும்பங்கள் ஒரே மூச்சில் வீடு கட்டுவதில்லை. முதலில் ஒரு பழைய டிரெய்லர் (இழுத்துவந்து நிறுத்தும் வீடு), பிறகு கையில் பணம் சேரச் சேர ஓர் அறை, அடுத்த வருடம் இன்னோர் அறை. கடனில்லாமல் வீடு வளரும் இந்த வழக்கத்தை ஒழுங்கீனம் என்று பார்க்கும் அதிகாரிகள் தவறு செய்கிறார்கள். அது ஒரு சேமிப்பு முறை. அதை ஒட்டியே திட்டம் போட வேண்டும். முதலில் கட்டும் மையப் பகுதியிலேயே சமையலறையும் குளியலறையும் ஒரே சுவரின் இரு பக்கமும் வரட்டும், குழாய்ச் செலவு குறையும். மின் பலகை 200 ஆம்பியருக்கு இருக்கட்டும், பின்னால் அறை கூடும்போது மாற்ற வேண்டியிருக்காது. கூரைச் சாய்வை நீட்ட இடம்விட்டு வீட்டை மனையில் நிறுத்த வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம் கழிவுத்தொட்டி. டெக்சஸ் விதிப்படி தொட்டியின் அளவு படுக்கையறைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. 2 படுக்கையறைக்கு 750 காலன், 3-க்கு 1,000 காலன். இரண்டுக்குப் போட்டுவிட்டு நாலு அறை கட்டினால், களிமண் நிலத்தில் மழைக்காலம் வந்ததும் கழிவு முற்றத்துக்கு வரும். பொதுக் குடிநீர் இருந்தாலும் கழிவுத்தொட்டி வைக்கும் புதிய மனைக்கு அரை ஏக்கர் தேவை. பழைய கொலோனியா மனைகள் பல அதில் பாதிகூட இல்லை. அங்கே தனித்தொட்டி தீர்வாகாது, தெருவுக்குக் கழிவுநீர்க் குழாய் வந்தாக வேண்டும். தரைமட்டத்தையும் உயர்த்த வேண்டும். 2008-இல் டாலி புயல் அந்தச் சமவெளியில் கொட்டிய தண்ணீர் பல கொலோனியாக்களில் நாள்கணக்கில் வடியவில்லை.

குடும்பத்தின் உழைப்பையே முதலீடாக ஏற்கும் திட்டங்கள் இரண்டு இருக்கின்றன. டெக்சஸ் மாநிலத்தின் 'பூட்ஸ்டிராப்' கடனில், கட்டுமான உழைப்பில் குறைந்தது 65 சதவீதத்தைக் குடும்பமே தர வேண்டும். மாநிலம் வட்டியில்லாமல் 45,000 டாலர் வரை கொடுக்கும், 30 ஆண்டில் கட்டலாம். இன்றைய பொருள் விலைக்கு அது போதாது என்பதால் வேறு மானியத்தையும் சேர்த்துத்தான் கணக்கு ஒத்துவரும். இன்னொன்று கூட்டாட்சி வேளாண் துறையின் பரஸ்பர சுய உதவித் திட்டம். ஊர்ப்புறத்தில் 4 முதல் 10 குடும்பங்கள் ஒரு குழுவாகி, ஒவ்வொரு வீட்டுக்கும் எல்லோரும் சேர்ந்து உழைப்பார்கள். எல்லா வீடும் முடியும்வரை யாரும் குடிபோக மாட்டார்கள். இந்த விதி இல்லாவிட்டால் தன் வீடு முடிந்தவர் அடுத்த வாரம் வேலைக்கு வரமாட்டார், குழு உடைந்துவிடும். கடனுக்கு முன்பணம் கிடையாது, 33 ஆண்டு, மிகக் குறைந்த வருமானமென்றால் 38 ஆண்டு. சலுகையோடு வட்டி 1 சதவீதம் வரை இறங்கும். கலிஃபோர்னியாவின் விசேலியாவில் 1965-இல் தொடங்கிய செல்ஃப்-ஹெல்ப் என்டர்பிரைசஸ் பண்ணைத் தொழிலாளர்களோடு இதைப் பெரிய அளவில் செய்துகாட்டியது.

இதில் தவறு நடக்கும் இடங்கள் மூன்று. வாரத்துக்கு 30 மணி நேர உழைப்பு என்பது அறுவடைக் காலத்தில் முடியாது, ஆகவே பயிர்க் காலத்தைப் பார்த்துத்தான் அடித்தளம் போடும் மாதத்தைத் தீர்மானிக்க வேண்டும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு இல்லையென்றால் தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மார் விலகிவிடுவார்கள். மூன்றாவது, வீட்டை விற்கும்போது வட்டிச் சலுகையில் ஒரு பகுதியைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை. கையெழுத்துப் போடும் நாளில் இதைத் தாய்மொழியில் சொல்லாவிட்டால் 15 வருடம் கழித்துப் பெரிய அதிர்ச்சியாக வந்து நிற்கும்.

நகரத்தில் வாடகைக்கு இருப்பவர்களின் கதை வேறு. அங்கே பயம்தான் முதல் தடை. அப்பாவுக்குக் குடியேற்ற ஆவணம் இல்லை, அம்மாவுக்கும் இல்லை, மூன்று பிள்ளைகளும் அமெரிக்காவில் பிறந்தவர்கள் என்ற குடும்பம் மிகச் சாதாரணம். "நமக்கு எதுவும் கிடைக்காது" என்று விண்ணப்பமே போட மாட்டார்கள். 1980-இல் வந்த கூட்டாட்சி வீட்டுவசதிச் சட்டத்தின் 214-ஆம் பிரிவின் கீழ் நடந்துவரும் முறைப்படி, குடியுரிமையோ உரிய குடியேற்ற நிலையோ உள்ள தகுதியுள்ளவர் ஒருவர் இருந்தாலும், அது கைக்குழந்தையாக இருந்தாலும், குடும்பத்துக்கு விகிதப்படி உதவி உண்டு. கணக்கு இப்படி: வாடகை 1,200 டாலர், முழுத் தகுதியுள்ள குடும்பம் என்றால் அவர்கள் பங்கு 400, அரசு 800 தரும் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேரில் 3 பேருக்குத் தகுதி என்றால் அரசு தருவது 800-இல் ஐந்தில் மூன்று பங்கு, அதாவது 480. குடும்பம் 720 கட்ட வேண்டும். தகுதி கோராத உறுப்பினர், தான் கோரவில்லை என்று மட்டும் குறிப்பிட்டால் போதும், குடியேற்ற ஆவணம் காட்ட வேண்டியதில்லை. ஆனால் அவருடைய வருமானம் கணக்கில் சேரும், அதை மறைத்தால் மோசடி வழக்காகும். 2019-இல் இந்த முறையையே ஒழிக்க ஒரு வரைவு விதி வந்து 2021-இல் திரும்பப் பெறப்பட்டது. அரசியல் காற்றுக்கு ஆடும் விதி என்பதால் விண்ணப்பிக்கும் மாதத்தில் சட்ட உதவியாளரிடம் ஒருமுறை கேட்டுவிட வேண்டும்.

கட்டுபவர்களுக்குக் கூட்டாட்சி அரசு 1986 முதல் தரும் வரிச்சலுகைத் திட்டத்தில் கட்டப்படும் குறைந்த வாடகைக் குடியிருப்புகளுக்கு அந்தச் சட்டத்தில் குடியுரிமை நிபந்தனை கிடையாது. நிர்வாகம் தானாகச் சமூகப் பாதுகாப்பு எண் கேட்டு ஆட்களைத் திருப்பி அனுப்புவதுதான் சிக்கல். வாடகை ரசீது, மின் கட்டண வரலாறு, முதலாளியின் கடிதம் ஆகியவற்றை மாற்றுச் சான்றாக ஏற்கும்படி எழுத்தில் ஒரு கொள்கை வாங்கினாலே பல குடும்பங்கள் உள்ளே போகும். இன்னொரு கோரிக்கையையும் விடாமல் வைக்க வேண்டும்: 3, 4 படுக்கையறை வீடுகள். தாத்தா பாட்டியோடு வாழும் குடும்பத்துக்கு ஒற்றை அறை வீடு எத்தனை கட்டினாலும் பயனில்லை. வரிச்சலுகையைப் பகிர்ந்தளிக்கும் மாநிலத்தின் ஆண்டுத் திட்டத்தில் பெரிய வீடுகளுக்குக் கூடுதல் மதிப்பெண் இருந்தால்தான் கட்டுபவர் கட்டுவார். அந்தத் திட்ட வரைவின் மீது பொதுமக்கள் கருத்துச் சொல்லும் நாளை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். ஒரு படுக்கையறைக்கு 2 பேர் என்பது இரும்புச் சட்டமல்ல. ஹட் என்ற கூட்டாட்சி வீட்டுவசதித் துறையின் 1991-இன் கீட்டிங் குறிப்புப்படி அறையின் அளவும் குழந்தையின் வயதும் பார்க்கப்பட வேண்டும்.

வீட்டுக்காரர் பாரபட்சம் காட்டினால் 1968-இன் நியாய வீட்டுவசதிச் சட்டம் பிறப்பு நாட்டின் அடிப்படையிலான ஒதுக்கலைத் தடுக்கிறது. ஹட் துறையிடம் புகார் செய்ய ஓராண்டு, நீதிமன்றம் போக 2 ஆண்டு அவகாசம் உண்டு. கலிஃபோர்னியாவில் குடியேற்ற நிலையை வீட்டுக்காரர் கேட்கவே கூடாது. அங்கே ஸ்பானிய மொழியில் பேரம் பேசியிருந்தால் ஒப்பந்தத்தின் மொழிபெயர்ப்பைக் கையெழுத்துக்கு முன் தர வேண்டும்.

சொந்த வீட்டுக் கடனில், சமூகப் பாதுகாப்பு எண் இல்லாதவர்கள் வரித்துறை தரும் 'ஐடின்' எண்ணைக் கொண்டு கடன் சங்கங்களிடமும் சமூக நிதி நிறுவனங்களிடமும் வாங்கலாம். முன்பணமும் வட்டியும் கூடுதலாக இருக்கும். கூட்டாட்சி அரசு காப்பீடு தரும் எஃப்எச்ஏ கடன் 2025 மே 25 முதல் நிரந்தர வசிப்புரிமை இல்லாதவர்களுக்கு நின்றுவிட்டதால், சிறுவயதில் அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டவர்களை நாடுகடத்தாமல் காக்கும் 'டாக்கா' ஏற்பாட்டில் உள்ள இளைஞர்களும் இப்போது வேறு வழி தேடுகிறார்கள். தொடர்ந்து 3 ஆண்டு வரிக்கணக்கில் பயன்படுத்தாத ஐடின் எண் காலாவதியாகும். கடன் மறுக்கப்படுவதற்கு அதைவிடப் பெரிய காரணம், சுயதொழில் செய்பவர்கள் வரியைக் குறைக்கச் செலவை ஏற்றிக் காட்டுவது. கடன் கொடுப்பவர் 2 ஆண்டு நிகர வருமானத்தைத்தான் பார்ப்பார். வீடு வாங்க 2 ஆண்டுக்கு முன்பே வரிக்கணக்கைத் திருத்தமாக்க வேண்டும்.

தனியாக வாங்க முடியாததைச் சேர்ந்து வாங்கும் வழிகளை நான் அதிகம் நம்புகிறேன். டிரெய்லர் பூங்காக்களில் வீடு குடும்பத்தினுடையது, நிலம் வேறொருவருடையது. நிலத்தை விற்றால் எல்லோரும் தெருவில். கொலராடோவில் 2020-இல் வந்த சட்டமும் 2022-இன் திருத்தமும், நிலம் விற்பனைக்கு வரும்போது குடியிருப்போர் சேர்ந்து வாங்க 120 நாள் அவகாசம் தருகின்றன. பாதி அவகாசம் கூட்டம் கூட்டுவதிலேயே போய்விடும் என்பதால் சங்கத்தை முன்பே பதிவுசெய்து வைத்திருக்க வேண்டும். விலை பேசுமுன் கழிவுக் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். இடிந்த குழாயோடு வாங்கிய பூங்காவின் மனை வாடகை, பழைய உரிமையாளர் வைத்திருந்ததைவிட உயர்ந்துவிடும்.

போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் காஞோ மார்த்தின் பேஞா வாய்க்காலோரத்தில் இருந்தவர்கள் இன்னும் தூரம் போனார்கள். வாய்க்காலைத் தூர்வாரினால் நிலவிலை ஏறும், நாம் விரட்டப்படுவோம் என்று முன்கூட்டியே கணித்து, 2004-இன் 489-ஆம் சட்டத்தின் வழி நிலத்தைச் சமூக நில அறக்கட்டளையின் பெயருக்குக் கொண்டுவந்தார்கள். வீட்டுக்கான மேற்பரப்பு உரிமை மட்டும் குடும்பத்துக்குப் பத்திரமாகும். பிள்ளைகளுக்குப் போகும், அடமானமும் வைக்கலாம். நிலம் சந்தைக்கு வராது. 2009-இல் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டபோது மக்கள் போராடி 2013-இல் மீட்டார்கள்.

கடைசியாக, உதவி மேசை போடுகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. லத்தீன் அமெரிக்க நாடுகளில் 'நோத்தாரியோ' என்பவர் உயர்ந்த தகுதியுள்ள சட்ட நிபுணர். அமெரிக்க நோட்டரியோ கையெழுத்துக்குச் சாட்சி மட்டும். அந்தப் பெயரைப் பயன்படுத்திப் பத்திரம் முடித்துத் தருவதாகப் பணம் பறிப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், முதல் சந்திப்பிலேயே இதைச் சொல்லிவிடுங்கள். குடும்பத்தினரை ஒப்பந்தம், ரசீதுகள், வரிச்சீட்டு, 2 ஆண்டு வரிக்கணக்கு, பிள்ளைகளின் பிறப்புச் சான்று ஆகியவற்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். உதவி கோராத உறுப்பினரின் குடியேற்ற ஆவணத்தைக் கேட்காதீர்கள். அவர்களே நீட்டினாலும் நகல் எடுத்துக் கோப்பில் வைக்காதீர்கள்.